இரட்டைக்கிளவியும் கிரவுன் பினியனும்

இலக்கிய இதழ் வாசிப்போர் கூடும் இடத்தில் பழைய காரின் பின்னச்சு ஓசையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். நமக்கு இதில் ஒரு வழக்கு உண்டு. பழைய வாகனத்தில் எழும் ஓசையைப் போக்குவதாகச் சொல்லி நாம் கொட்டும் பணத்தில் பெரும்பகுதி சொற்பஞ்சத்தால் வீணாகிறது என்பதே அவ்வழக்கு. "வண்டில சத்தம் வருது" என்கிறார் உரிமையாளர். "பாத்துடலாம் சார்" என்கிறார் மெக்கானிக். இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையே என்ன ஓசை, எந்த வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதா விடும்போதா, நேர்ச்சாலையிலா வளைவிலா என்ற எதுவும் பரிமாறப்படுவதில்லை. அதன்பின் பட்டறையில் நடப்பது சூதாட்டம். முதலில் கிராஸ் மாற்றப்படும், ஓசை போகாது. பிறகு ஹப் பேரிங், அப்போதும் போகாது. இறுதியில், இருப்பவற்றுள் விலை மிகுந்ததான கிரவுன் பினியன். அதன்பிறகும் ஓசை இருந்தால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்ற தத்துவம்.

இந்த எண்ணத்தை நம்முள் கிளப்பியது ஆவுடையார்கோவில் பக்கத்து வீடொன்றில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அம்பாசிடர். அறந்தாங்கியிலிருந்து மீமிசல் கடற்கரைக்குச் செல்லும் வழியில், வெள்ளாற்றுக்குத் தென்புறம் இருக்கும் இவ்வூரை ஆத்மநாதர் கோவிலின் கல் கொடுங்கைக்காக அறியாதவர் இரார். அந்த வண்டியின் கதைக்குப் பிறகு வருவோம். அதற்குமுன் வண்டியின் உடற்கூறு கொஞ்சம் தெரிந்தாக வேண்டும்.

அம்பாசிடர் 1957இல் இந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தர்பாரா ஆலையில் பிறந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம் அது. மூலவடிவத்தை இங்கிலாந்து சில ஆண்டுகளில் கைவிட்டுவிட்டது. நாம் 2014 மே மாதம் வரை, கிட்டத்தட்ட 57 ஆண்டுகள், அதே முதுகெலும்பை வைத்துக்கொண்டு வண்டி செய்தோம். 2017இல் அந்தப் பெயரும் 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. பழம்பெருமை பேசுவது நம் நோக்கம் அன்று. எஞ்சின் முன்னே, ஓடும் சக்கரம் பின்னே என்ற அந்த அமைப்பே நமக்கு வேண்டியது. கியர்பாக்ஸின் வாலிலிருந்து பின்னச்சின் நடுவயிறு வரை காரின் அடியில் ஓர் எஃகுக் குழாய் செல்கிறது. அதுவே புரொப்பெல்லர் ஷாஃப்ட். பின்னச்சு பட்டை ஸ்பிரிங்குகளின்மேல் ஏறி இறங்குவது; கியர்பாக்ஸோ உடலோடு கட்டுண்டது. ஆடுவதையும் ஆடாததையும் ஒரு விறைத்த குழாயால் இணைக்க இயலாது. ஆகவே குழாயின் இரு முனைகளிலும் மணிக்கட்டுப் போன்ற ஒரு மூட்டு. நடுவே சிலுவை வடிவில் ஒரு துண்டு, அதன் நான்கு கைகளிலும் நான்கு கிண்ணங்கள், கிண்ணத்துக்குள் ஊசிபோல் மெலிந்த உருளைகள். இதைத்தான் நம் மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்கின்றனர்.

16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரும் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக்கின் பெயரும் இம்மூட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஹூக் அறிந்திருந்த ஒரு குறை இதற்குண்டு. கோணத்தில் வளைந்து சுழலும்போது ஒருபக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். இரண்டாவது மூட்டு முதல் மூட்டின் தளர்ச்சியை எதிர்த்தளர்ச்சியால் ஈடுசெய்வதாலேயே வண்டி குலுங்காமல் ஓடுகிறது. ஆனால் குழாயின் இரு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் இருந்தால்தான் இந்த ஈடு நிகழும். ஸ்ப்லைனைப் பிரித்த கை மீண்டும் கோக்கும்போது ஒரு பல் தள்ளிக் கோத்துவிட்டால், புதுக் கிராஸ் போட்டும் வண்டி நடுங்கும். பிரிக்குமுன் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்துக்கொள்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்தக் கோட்டைக் கிழிக்காத பட்டறைகளை நாம் கண்டிருக்கிறோம்.

பின்னச்சின் வயிற்றுக்குள் சிறிய பினியனும் பெரிய கிரவுனும். அங்கேதான் சுழற்சி தொண்ணூறு பாகை திரும்பிச் சக்கரங்களை நோக்கிப் போகிறது. அதற்கப்பால் ஆக்ஸில், ஹப், டயர். இவற்றில் எது வேண்டுமானாலும் ஓசை எழுப்பலாம். எஃகுக் கூடாகிய உடல், எல்லா ஓசையையும் ஒரே இடத்திலிருந்து வருவதுபோல் பின்னிருக்கைக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே 'எங்கிருந்து வருகிறது' என்ற கேள்வி பயன் குறைந்தது. 'எப்போது வருகிறது', 'எப்படி வருகிறது' என்பவையே கேள்விகள்.

'எப்படி' என்பதற்குத் தமிழில் பதில் சொல்வது எளிது. வேறு பல மொழிகளைக் காட்டிலும் எளிது என்றே நாம் கருதுகிறோம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் இரட்டைக்கிளவிக்கு இடம் தந்திருக்கிறார். உரியியலில் ஓசை குறித்த சொற்களைத் தொகுத்துப் பொருள் கூறியிருக்கிறார். கடகட, கரகர, கிறீச், விர்ர், டொக், ஙொய் என்று நம் வீட்டுக் குழந்தைகூட ஓசையைப் பிரித்துச் சொல்லும். இதை நாம் நகைச்சுவைத் துணுக்குக்கும் சிறுவர் பாடலுக்கும் ஒதுக்கிவிட்டோம். கவனித்துப் பார்த்தால் ஒரு பெரிய பாகுபாடு இதற்குள் கிடக்கிறது.

'டொக்' என்று ஒருமுறை மட்டும் கேட்டு ஓய்ந்துவிடும் ஓசை ஒன்று. கிளச்சை விட்டு வண்டி நகரத் தொடங்குகையில், அல்லது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கையில் வருவது. இது சுழற்சியின் ஓசை அன்று; தளர்ச்சியின் ஓசை. எங்கோ ஓர் இடைவெளி இருக்கிறது. விசை திசை மாறும்போது அந்த இடைவெளியைத் தாண்டி இரும்பு இரும்பை மோதுகிறது. இரண்டாவது, இரட்டித்து வரும் ஓசை. இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது என்பது பள்ளியில் படித்தது. இவ்வோசையும் அத்தகையதே. ஒரு 'சிர்க்' எதையும் சொல்லாது. 'சிர்க் சிர்க் சிர்க்' என்று அடுக்கி வரும்போது எதுவோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்றும், ஒரு சுற்றுக்கு ஒருமுறை எங்கோ உரசுகிறது என்றும் சொல்லிவிடும். மூன்றாவது, பிரித்து எண்ணவே இயலாத தொடர் ஓசை: ஙொய்யென்ற ரீங்காரம், உம்மென்ற முனகல், ஊவென்ற ஊளை. ஏராளமான மோதல்கள் அடுத்தடுத்து விரைவாக நிகழ்வதால் காது அவற்றை ஒரே சுரமாகக் கேட்கிறது. பற்சக்கரமும் பேரிங்கும் டயரும் இந்த இனம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கிரவுனில் 39 பற்கள், பினியனில் 8 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். டயரின் சுற்றளவு 2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று, நொடிக்கு எட்டுச் சுற்றுக்குச் சற்று மேல். ஷாஃப்ட் அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு, நொடிக்கு 40 சுற்று. பற்கள் ஒன்றோடொன்று சந்திப்பது நொடிக்கு ஏறத்தாழ 325 முறை. ஆக, நொடிக்கு எட்டு என்பது இருக்கையில் உணரும் உதறல். நாற்பது என்பது வயிற்றில் உணரும் முழக்கம். முந்நூற்றுச் சொச்சம் என்பது காதில் கேட்கும் சுரம். இசை அறிந்த நண்பர் ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நாம் சொல்வதில் வேடிக்கை பாதி, உண்மை பாதி.

'எப்போது' என்பதற்குச் சாலைதான் சோதனைக்கூடம். ஒரே வேகத்தில் மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வேகம் மாறாமல் கியர் மட்டும் மாறும்போது ஓசையும் மாறினால் குற்றவாளி எஞ்சினும் கியர்பாக்ஸும் இருக்கும் பக்கம். மாறாவிட்டால் அதற்குப் பின்னால். ஆளற்ற நேர்ச்சாலையில் நியூட்ரலில் சிறிது உருளவிட்டாலும் இது தெரியும். சாவியை மட்டும் அணைத்துவிடக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு ஊளை, விட்டதும் அது அடங்குகிறது அல்லது வேறு ஊளையாகிறது என்றால் கிரவுன் பினியனைச் சந்தேகிக்கலாம். விடும்போது மட்டும் பெருகினால் பெரும்பாலும் பினியன் பேரிங்கின் தளர்ச்சி. அழுத்தினாலும் விட்டாலும் ஒரேமாதிரி முனகி, வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் ஹப் பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச்சக்கரத்தின்மேல் ஏறும் என்பதை நினைவில் கொண்டால் எந்தப் பக்கம் என்பதும் விளங்கும். சாலையின் மேற்பரப்பு மாறும்போது ஓசை மாறினால் அது டயர். அதற்காக இரும்பைக் கழற்றுவது பாவம். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் நடுங்கி, அதைத் தாண்டினால் தெளிந்தால், ஷாஃப்ட்டின் எடைச்சமநிலை குலைந்திருக்கலாம்: எங்கோ கல்லில் அடிபட்டு வளைந்திருக்கும், அல்லது ஆலையில் ஒட்டிய சமன்தகடு உதிர்ந்திருக்கும்.

இனி அந்த வண்டி. 1980களில் நண்பரின் தந்தையார் வாங்கிய மார்க்-4, பெட்ரோல். மூன்று ஓசைகளும் அதில் ஒருங்கே குடியிருந்தன. புறப்படும்போது டொக், கண்மாய்க்கரை மண்பாதையில் மெதுவாக ஊர்ந்தால் சிர்க் சிர்க், 50ஐத் தாண்டினால் ஙொய். வெளியூரில் ஒரு பெரிய பட்டறையில் காட்டியபோது, காதில் பெரிதாக விழுந்த மூன்றாவது ஓசையை வைத்து, கிரவுன் பினியன் போய்விட்டது, ஹவுசிங்கையே மாற்ற வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. புதியது கிடைக்காது; பிரித்தெடுத்த பழைய வண்டியொன்றின் ஹவுசிங்கைத் தேடிப் பொருத்தலாம் என்றார்கள். எந்த வண்டியின் எத்தனை வயது ஹவுசிங் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த நோய்க்குத் தெரியாத நோயை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. நண்பர் அந்தச் செலவுக்கு வண்டியை எடைக்குப் போட்டுவிடலாமா என்றே யோசித்துவிட்டார். தந்தையின் வண்டி என்பதால் அதற்கும் மனம் ஒப்பவில்லை.

உள்ளூர்ப் பக்கம் வயதில் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் அழைத்துச் சென்றபோது நாமும் உடனிருந்தோம். அவர் வண்டிக்குக் கீழே குனியவே இல்லை. "எப்ப வருது தம்பி, விடும்போதா புடிக்கும்போதா?" என்றுதான் தொடங்கினார். நண்பருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரே ஓட்டினார். ஒருமுறை போய் வந்தபின் இறங்கி, பின்சக்கரத்தின் டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார். "தம்பி, நீங்க ஒண்ணாவது கியர்ல உருட்டுங்க. நான் கூட நடந்து வாரேன்." வண்டி ஊர, அவர் பின்சக்கரத்துக்கு அருகே கொஞ்சம் விலகி நடந்தார். கோடு ஒருமுறை மேலே வருவதற்குள் எத்தனை 'சிர்க்' என்று எண்ணினார். நாமும் எண்ணினோம். ஏறத்தாழ ஐந்து. "சக்கரத்துல உரசுனா ஒரு சுத்துக்கு ஒண்ணுதான் வரும். இது அஞ்சு வருது. ஷாஃப்டு கிராஸு" என்றார். மேலே நாம் போட்ட கணக்கை அவர் தாளில் போட்டிருக்க மாட்டார். ஆனால் போட்டிருந்தார்.

ஆவுடையார்கோவிலில் இது நடந்தது பொருத்தம் என்றே தோன்றுகிறது. கல்லைத் தட்டி, எழும் ஒலியைக் கேட்டு, எந்தக் கல் எதற்கு உகந்தது என்று வகைபிரிப்பது நம் சிற்ப மரபு. மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் வைத்து வேய்ந்ததுபோல் கருங்கல்லை அவ்வளவு மெலிதாக இழைத்த கொடுங்கையைச் செய்தவர்கள், உளி வைக்குமுன் கல்லின் குரலைக் கேட்காமல் வைத்திருப்பார்களா? 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று பிற்காலச் சிற்பிகள் தம் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டதாக ஒரு வழக்கு உண்டு. எதைச் செய்வோம் என்பதோடு எதைச் செய்யமாட்டோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடும் அந்த நேர்மை, கார்ப் பட்டறையின் பில்லிலும் இருந்தால் நன்றாயிருக்கும்.

கிராஸைக் கழற்றியபோது நான்கு கிண்ணங்களில் ஒன்றிலிருந்து செந்தூரம்போல் சிவந்த பொடி உதிர்ந்தது. கிரீஸ் வற்றி, ஊசி உருளைகள் சுழலாமல் ஒரே இடத்தில் அரைபட்டு, இரும்பு தூளாகித் துருவேறிய பொடி அது. சிலுவையின் அந்தக் கையில் ஊசிகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. நிப்பிள் இருந்தும் ஆண்டுக்கணக்கில் யாரும் கிரீஸ் கன்னை அங்கே வைக்கவில்லை. இதைச் சிறிய பழுது என்று எண்ணிவிடலாகாது. முன்பக்கக் கிராஸ் ஓட்டத்தில் முறிந்தால் ஷாஃப்ட்டின் முன்முனை சாலையில் இறங்கும். அது மண்ணில் குத்தினால் பின்னாலிருந்து வரும் வேகம் வண்டியையே தூக்கிவிடும்.

புதுக் கிராஸைப் பொருத்தியதைப் பார்ப்பது ஒரு பாடம். பிளேஞ்சில் கோடு, ஸ்ப்லைனில் கோடு. வட்டப்பூட்டு வளையங்களைக் கொறடாவால் கழற்றினார். வைஸில் இரு பக்கமும் வெவ்வேறு அளவு சாக்கெட்டுகளை வைத்து இறுக்கியே பழைய கிண்ணங்களை வெளியேற்றினார். சுத்தியலைத் தொட்டது இரண்டு முறைதான், அதுவும் செல்லமாக. புதுக் கிண்ணத்தில் ஊசிகளைக் கிரீஸால் சுவரோடு ஒட்டவைத்து, ஒன்றுகூடக் குறுக்கே விழவில்லை என்று விரல்விட்டுத் தடவிப் பார்த்து ஏற்றினார். ஒரு ஊசி அடியில் விழுந்திருந்தால் கிண்ணம் முழுதாக உள்ளே போகாது. போகாததைச் சுத்தியலால் போகவைத்தால் கிராஸ் அன்றைக்கே பாழ். முடிந்தபின் கவையைக் கையால் ஆட்டினார். நான்கு திசையிலும் வெண்ணெய்போல் வழுக்கி அசைய வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. ஒரு திசையில் இறுகினால் கவையின் காதில் மெல்ல ஒரு தட்டு, இறுக்கம் தளரும்.

டொக் பாதி குறைந்தது. மீதிப்பாதி எங்கே? இந்த ஒற்றையோசையின் சூழ்ச்சியே அதுதான். ஸ்ப்லைனில் கொஞ்சம், கிராஸில் கொஞ்சம், கிரவுன் பினியனுக்கு இடையே கொஞ்சம், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் வாஷரில் கொஞ்சம் என்று எல்லாத் தளர்ச்சியும் கூட்டிக் கடைசியில் ஒரே ஒலியாகக் கேட்கும். தனித்தனியே பார்த்தால் எதுவுமே குற்றம் எனத் தக்கதாக இராது. இந்த வண்டியில் மீதிப்பாதி அதைவிட எளிய இடத்தில் இருந்தது. பட்டை ஸ்பிரிங்கைப் பின்னச்சோடு கட்டும் யு போல்ட்டின் நட்டுகள் அரைச்சுற்று இறங்கின. பட்டறை போட்ட மதிப்பீட்டில் இந்த நட்டுக்கு வரியே கிடையாது.

பிறகு ஹவுசிங்கின் நிரப்புத் துளையில் சுண்டுவிரலைவிட்டுப் பார்த்தார். எண்ணெய் எட்டவில்லை. பினியன் ஆயில் சீல் கசிந்து கொஞ்சங் கொஞ்சமாக வெளியேறியிருந்தது. சீலை மாற்றப் பினியன் நட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றுமுன் நட்டின் இடத்தை உளியால் குறித்துக்கொண்டார். அதைவிட அதிகம் முடுக்கினால் பேரிங் இறுகிச் சூடேறும். குறைத்தால் பினியன் முன்பின் ஆடும். எண்ணெயைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 'தொண்ணூறு ஆயில்' என்று கேட்டால் கடைக்காரர் எதையேனும் எடுத்துக்கொடுத்துவிடுவார். இப்பின்னச்சில் பினியன் கிரவுனின் நடுமட்டத்துக்குக் கீழே இறங்கி அமர்ந்திருக்கிறது. அதனால் பற்கள் உருள்வதோடு கடும் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து கலந்த இ.பி. வகை எண்ணெய்தான் அதற்கு ஆகும். வெறும் 90 போதாது.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்தோம். டொக் இல்லை. சிர்க் இல்லை. ஙொய் மட்டும் சற்றுத் தணிந்து அப்படியே இருந்தது. நண்பரின் முகம் வாடியதைக் கண்ட பெரியவர் சிரித்தார். "அண்ணே, அது இன்னும் இருக்கே?" என்றார் நண்பர். "அது பல்லுச் சத்தம் தம்பி. ஒங்க அப்பா ஓட்டும்போதே பாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பாடிட்டுப் போகட்டும். சுருதி மாறுனா எங்கிட்ட வாங்க."

நம் வழக்கின் மையம் இந்தப் பதிலில் இருக்கிறது. கிரவுனும் பினியனும் ஆலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து இணை சேர்த்து வருபவை. ஒன்றை மட்டும் மாற்றுதல் கூடாது. இரண்டையும் மாற்றினாலும், பற்களில் ஈயச்செந்தூரம் தடவிச் சுற்றிவிட்டு, தொடுதடம் பல்லின் நடுவில் விழுகிறதா, நுனியிலா அடியிலா என்று பார்த்து, மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து அமைக்க வேண்டும். பொறுமையும் பழக்கமும் கருவியும் உள்ள கையில்லாமல் இதைச் செய்தால், மெல்லப் பாடிக்கொண்டிருந்தது அலறத் தொடங்கும். பல ஆண்டுகளாக மாறாத ரீங்காரம் தேய்ந்த பற்கள் தமக்குள் செய்துகொண்ட சமரசம். அதைக் கலைப்பதற்குப் போதிய காரணம் வேண்டும். எண்ணெயில் செதில் செதிலாக இரும்பு வந்தால் காரணம் உண்டு. ஓசை திடீரெனக் கூடினால், ஹவுசிங் கைவைக்க முடியாதபடி சுட்டால், ரீங்காரத்தினூடே கடகட என்று இரட்டைக்கிளவி புகுந்தால் காரணம் உண்டு. வண்டியை அன்றே நிறுத்திவிட வேண்டும். இவை இல்லாதபோது, காதுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஹவுசிங்கைத் திறப்பதை நாம் ஒப்பமாட்டோம்.

இதற்கு மறுப்புண்டு என்பதை அறிவோம். 'ஓசையை விட்டுவிடு' என்பது சோம்பேறி மெக்கானிக்கின் வசதியான வாதமாகவும் ஆகலாம். உண்மை. ஆனால் இவர் விட்டது, மற்ற இரண்டையும் பெயர்சொல்லிப் பிரித்துக் களைந்த பிறகு. எதுவென்று தெரிந்து விடுவதற்கும், தெரியாமல் விடுவதற்கும், தெரியாமல் மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. மூன்றாவதற்குத்தான் நாம் அதிகம் பணம் கொடுக்கிறோம்.

ஓசையை மறைப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். பழைய கார் வாங்கி விற்பவர்களிடையே ஒரு பழைய உத்தி: முனகும் பின்னச்சில் மரத்தூளைக் கலந்த கெட்டி எண்ணெயை ஊற்றிவிடுவது. ஒரு வாரம் பூனைபோல் ஓடும். திருப்பெருந்துறைக்கு, அதாவது இந்த ஆவுடையார்கோவிலுக்கு, குதிரை வாங்க வந்த வாதவூரர் கதையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பகலில் பரியாக நின்றவை இரவில் நரியாகி ஊளையிட்டன என்கிறது திருவிளையாடற் புராணம். புராணத்தில் அது இறைவனின் ஆடல். சந்தையில் அது தரகரின் ஆடல். ஊளை கேட்பது எப்படியும் வாங்கியவரின் கொட்டிலில்தான். ஆகவே வாங்குமுன் ஹவுசிங்கின் அடிநட்டைத் திறந்து ஒரு கரண்டி எண்ணெயைப் பிடித்து விரலில் தேய்த்துப் பார்ப்பது, பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதைவிட மேல்.

இந்தக் கேள்வியறிவு அம்பாசிடரோடு போய்விடும் என்று ஒப்பாரி வைக்க நமக்கு விருப்பமில்லை. 1983 இறுதியில் வந்த மாருதி 800 முன்சக்கரத்தால் ஓடியது; அதன்பின் பெரும்பாலான சிறு கார்களில் ஷாஃப்ட்டே இல்லை. அவற்றில் வளைவில் திரும்பும்போது டக்டக் என்று அடிப்பது வேறு வகை மூட்டு. ஆனால் ஆம்னி வேனும் பொலேரோவும் டாடா ஏஸும் ஊருக்கு ஊர் ஷாஃப்ட்டைச் சுழற்றிக்கொண்டிருக்கின்றன. கிராஸ் மாற்றும் கை இன்னும் பட்டறைகளில் இருக்கிறது. அருகி வருவது, சுண்ணக்கட்டிக் கோடு போட்டு உடன் நடந்து எண்ணும் பொறுமை. அதைவிட, எண்ணியதைச் சொல்லும் சொல். 'விடும்போது', 'பிடிக்கும்போது' என்ற இரு சொற்களில் அப்பெரியவர் முடித்துவிட்டதை விளக்க நமக்கு ஒரு பத்தி தேவைப்பட்டது. பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் உமணர் வண்டியின் சூட்டையும் ஆரையும் உருளியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பாடியிருக்கிறார். வண்டியின் உறுப்புகள் கவிதைக்குரியவை என்பதில் அவருக்கு ஐயமிருந்ததாகத் தெரியவில்லை. நம் அகராதிகளில் இந்தப் பட்டறைச் சொற்களும் ஓசைச் சொற்களும் அவற்றின் தொழிற்பொருளோடு ஏறவேண்டும். கிராஸும் கிரவுனும் அயற்சொற்கள் என்று யாரேனும் தடுத்தால், நூறு ஆண்டுகளாக எண்ணெய்க்கறையோடு தமிழர் நாவில் புழங்கியவை என்பதே நம் பதில்.

உதிரிப்பாகம் குறித்து மட்டும் ஒன்று. பெட்டியில் 'அம்பாசிடர்' என்று அச்சடித்திருப்பதை நம்பிக் கிராஸ் வாங்க வேண்டாம். கிண்ணத்தின் விட்டம், எதிரெதிர்க் கிண்ணங்களின் வெளிமுனைக்கு வெளிமுனை நீளம் ஆகிய இரண்டையும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொண்டால், எந்தக் கடையிலும் அளவைச் சொல்லிக் கேட்கலாம். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச்செல்லும் சேம அச்சைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகிறார். நண்பர் இப்போது தம் டிக்கியில் பழந்துணியில் சுற்றிய கிராஸ் ஒன்றும், நான்கு பூட்டு வளையங்களும், ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியும் வைத்திருக்கிறார்.